புகைபோக்கிக் குழாயின் இணைப்புகள்: எந்த இடத்தில் கிளாம்ப், எந்த இடத்தில் ஃபிளாஞ்ச்?

தனிவடிவம்:

வணக்கம் நண்பர்களே. பின்சக்கர இயக்கம் கொண்ட என் காரில் நீளவாட்டில் அமர்ந்திருக்கும் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜினுக்கு, டர்போவின் வெளிவாயில் தொடங்கி வால் குழாய் வரை முழுப் புகைபோக்கியையும் புதிதாகச் செய்ய இருக்கிறேன். குழாய் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு, வெளிவிட்டம் 63.5 மி.மீ., சுவரின் தடிமன் 1.5 மி.மீ. டர்போவிலிருந்து இறங்கும் பகுதி மட்டும் 76 மி.மீ. விட்டத்தில் வரும். புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதன் இடத்திலேயே இருக்கும். அதை எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பின்னால் இருக்கும் சைலன்சர் நல்ல நிலையில் உள்ளது. அது அலுமினியப் பூச்சு கொண்ட சாதாரண எஃகு என்பதால், அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

குழாயின் பாதையை வரைந்து முடித்துவிட்டேன். இணைப்புகளில்தான் முடிவெடுக்க முடியவில்லை. யூ-போல்ட் கிளாம்ப், பட்டைக் கிளாம்ப், வி-பேண்டு, இரண்டு போல்ட் ஃபிளாஞ்ச், மூன்று போல்ட் ஃபிளாஞ்ச் (குழாய் முனையில் வெல்டிங் வைத்து, போல்ட்டால் இணைக்கும் தகடு) என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே வகையைப் போட்டுவிடலாமா, அல்லது இடத்துக்கு இடம் மாற்ற வேண்டுமா? காரை நான் அடிக்கடி கழற்றுபவன். கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தால் குழாயை அறுக்காமல் இறக்க முடிய வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை.

ஆறுமுனை:

நண்பர் தனிவடிவம் அவர்களுக்கு, என் பதில் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: வி-பேண்டு. இரண்டு வளையங்களைக் குழாய்களின் முனையில் வெல்டிங் வைத்து, அவற்றை ஒன்றோடொன்று முகம் பொருத்தி, மேலே வி வடிவப் பள்ளம் கொண்ட பட்டையைச் சுற்றி ஒரே ஒரு நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. பட்டையின் சரிந்த பக்கங்கள் ஆப்பு செருகுவதுபோல் இரண்டு வளையங்களையும் நெருக்குகின்றன. சுற்றளவில் கொடுக்கும் இழுவிசை அச்சுவாட்டில் பன்மடங்காகப் பெருகிக் கிடைக்கிறது. இரண்டு போல்ட் ஃபிளாஞ்சில் போல்ட் இருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தம் அதிகம், இடைப்பட்ட பகுதியில் குறைவு. வி-பேண்டில் அந்தக் குறை கிடையாது. முழு வட்டத்திலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். முகங்களுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டும் தேவையில்லை; ஆகவே எரிந்துபோவதற்கோ ஊதிப் பிய்ந்துபோவதற்கோ அங்கே எதுவும் இல்லை.

இந்தத் தத்துவம் நம் பட்டறைகளில் பிறந்ததன்று. நகைச்சுவை நடிகர் ஸெப்போ மார்க்ஸ் நடத்திய மார்மன் நிறுவனம் இத்தகைய கிளாம்ப்களைத் தயாரித்துப் பெயர் பெற்றது; இன்றும் விண்கலங்களை ஏவுகலத்தோடு பிணைத்துப் பிரிக்கும் பட்டைகளை மார்மன் பட்டை என்றே அழைக்கிறார்கள். அவ்வளவு பெரிய பளுவைத் தாங்கும் முறை, நம் 63.5 மி.மீ. குழாயைத் தாங்காதா? டர்போ முதல் சைலன்சர் வரை எல்லா இடத்திலும் வி-பேண்டு போடுங்கள். ஒரே அளவு சாக்கெட்டை வைத்து முழு அமைப்பையும் இறக்கிவிடலாம்.

வெல்டிங்மேசை:

வி-பேண்டைப் பற்றி ஆறுமுனை சொன்ன அடிப்படை சரியானதே. என் மேசையில் உருவாகும் குழாய்களில் பெரும்பாலானவை அதில்தான் முடிகின்றன. ஆனால் "வேலை முடிந்தது" என்று சொல்லிவிட முடியாது. வளையத்தை வெல்டிங் வைக்கும் நேரத்தில்தான் அந்த இணைப்பு கசியுமா, கசியாதா என்பது தீர்மானமாகிறது. கேஸ்கெட் இல்லை என்பது அதன் சிறப்பு. அதே காரணத்தால், முகத்தில் விழும் சிறு கோணலையும் மறைத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

வெல்டிங் வைக்கும்போது உருகிய உலோகம் ஆறிச் சுருங்கும். வளையத்தின் பின்புறத்தில் மட்டும் வெல்டிங் ஓடுவதால் அது பின்பக்கமாக இழுபடும். தட்டையாக இருந்த முகம் மெல்ல ஒரு கிண்ணத்தின் விளிம்பைப்போல் சாய்ந்துவிடும். இதைத் தடுக்க இரண்டு வளையங்களையும் கிளாம்ப் போட்டு ஒன்றாகப் பிணைத்த நிலையில்தான் வெல்டிங் வைக்க வேண்டும். முதலில் எதிரெதிர்த் திசைகளில் நான்கு இடங்களில் டேக் (சிறு வெல்டிங் புள்ளி) வைத்து, பிறகு கால் வட்டம் கால் வட்டமாக, ஒரு பக்கம் முடித்தால் அடுத்து அதன் எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி ஓட்ட வேண்டும். முழுவதும் ஆறிக் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே கிளாம்பைக் கழற்ற வேண்டும். சூடாக இருக்கும்போதே கழற்றினால் அதுவரை பொறுத்திருந்தது வீண். இதற்கென்று ஒரு பழைய கிளாம்பை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. காரில் போடப்போகும் கிளாம்பை வெல்டிங் சூட்டில் வாட்டக் கூடாது.

ஆறிய பின் ஒரு தடிமனான கண்ணாடித் துண்டின்மேல் 240 எண் உப்புத்தாளை ஒட்டி, வளையத்தின் முகத்தை அதில் எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். மேடான இடங்கள் உடனே பளபளக்கும். பள்ளமான இடங்கள் வெல்டிங் சூட்டில் பெற்ற நிறத்தோடு மங்கலாகவே நிற்கும். பளபளப்பு முழு வட்டமாகக் கூடும் வரை தேய்த்தால் முகம் மட்டமாகிவிட்டது என்று பொருள். அரைவட்டம் மங்கலாகவே நின்று, தேய்த்துத் தேய்த்தும் கூடவில்லை என்றால், அந்த வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு வேறு போடுவதே மேல். இது தட்டை முகம் கொண்ட வளையங்களுக்குப் பொருந்தும். ஒன்றுக்குள் ஒன்று படிந்து அமரும் ஆண்-பெண் வகை வளையங்களை இப்படித் தேய்க்க முடியாது; ஆனால் அவை தாமாகவே மையம் சேர்ந்து அமர்வதால், காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒற்றை ஆளாகக் குழாயைத் தூக்கி மாட்டுபவருக்கு அவையே உதவும். நான் தேர்ந்தெடுத்தால் ஆண்-பெண் வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டும். 63.5 மி.மீ. வி-பேண்டு என்று எழுதியிருப்பது குழாயின் அளவு மட்டுமே. வளையத்தின் வெளிவிட்டம், சரிவின் கோணம், விளிம்பின் தடிமன் ஆகியவை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஒருவரின் வளையத்தில் இன்னொருவரின் பட்டையைப் போட்டால், நட்டு அடிவரை இறங்கிய பிறகும் வளையங்கள் ஆடிக்கொண்டிருக்கும். டர்போவின் வெளிவாயிலில் வி-பேண்டு இருந்தால் இது இன்னும் முக்கியம்: அந்த டர்பைன் கூட்டின் விளிம்புக்கு உரிய வளையத்தையே தேடி வாங்க வேண்டும், பொதுவாகக் கிடைக்கும் 76 மி.மீ. வளையம் அங்கே பொருந்தும் என்று எண்ணி இறங்கக் கூடாது.

பின்னச்சு:

எந்தக் கிளாம்ப் என்று கேட்பதற்கு முன், குழாய் எங்கே எவ்வளவு நகரப்போகிறது என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. 304 எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 17 மைக்ரான் நீளும். சாதாரண எஃகு ஏறத்தாழ 12 மைக்ரான். உங்கள் குழாயின் மொத்த நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 300 டிகிரி சூடேறும்போது அது 15 மி.மீ. அளவுக்கு நீளும். அதே நீளத்துக்குச் சாதாரண எஃகு 11 மி.மீ. நீளும். முன்பகுதியில் சூடு இதைவிட அதிகம், பின்பகுதியில் குறைவு. எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை சென்டிமீட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். போக இடமில்லை என்றால் அந்த விசை முழுவதும் வெல்டிங்கிலும் ஃபிளாஞ்சிலும்தான் வந்து விழும். "கிளாம்ப் நழுவுகிறது", "ஃபிளாஞ்ச் ஓரத்தில் வெல்டிங் விரிசல் விடுகிறது" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் கிளாம்ப் காரணமே அன்று.

இதோடு என்ஜினின் ஆட்டம் சேர்கிறது. உங்கள் என்ஜின் நீளவாட்டில் இருப்பதால், முறுக்கம் கொடுக்கும்போது அது பக்கவாட்டில் சாயும். அந்தச் சாய்வை வாங்கிக்கொள்ள, இறங்கு குழாய் முடியும் இடத்தில் உட்புறம் சங்கிலிக்கட்டு உறை கொண்ட நெகிழ் குழாய் ஒன்று வேண்டும். நெகிழ் குழாய் வளையும், சிறிது நீளும்; ஆனால் முறுக்கினால் அது தாங்காது, எடையைச் சுமக்கவும் கூடாது. ஆகவே அதற்கு முன் இறங்கு குழாயை கியர்பாக்ஸோடு சேர்த்து ஒரு தாங்கியில் கட்டுங்கள். அதற்குப் பின் முதல் ரப்பர் தொங்கலை அருகிலேயே வையுங்கள். தொங்கல்கள் குழாயின் எடையைச் சுமக்க வேண்டும், நீளவாட்டில் அது நகர்வதை மறிக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் நடுப்பகுதியில் நீங்கள் எந்த நல்ல இணைப்பைப் போட்டாலும் நிற்கும். செய்யாவிட்டால் எந்த விலையுயர்ந்த கிளாம்பும் நிற்காது.

அதனால்தான் ஆறுமுனை சொல்லும் விண்கல உதாரணத்தோடு நான் முழுமையாக உடன்படவில்லை. அங்கே இரு பக்கமும் மிகத் துல்லியமாகக் கடைந்த விளிம்புகள். சூடும் குளிருமாக ஆயிரக்கணக்கான முறை நீண்டு சுருங்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை.

தனிவடிவம்:

மிக்க நன்றி. நெகிழ் குழாயை வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். கியர்பாக்ஸ் தாங்கியைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, கன்வெர்ட்டரின் இரு முனைகளிலும் ஏற்கெனவே மூன்று போல்ட் ஃபிளாஞ்ச் இருக்கிறது. அவற்றை அறுத்துவிட்டு வி-பேண்டு போடுவதா, அல்லது எதிர்ப்பக்கத்துக்கும் மூன்று போல்ட் ஃபிளாஞ்சே செய்துகொள்வதா? இரண்டாவது, என்னிடம் துத்தநாகப் பூச்சு கொண்ட போல்ட்களும் யூ-போல்ட் கிளாம்ப்களும் நிறைய உள்ளன. அவற்றை எங்காவது பயன்படுத்தலாமா?

வெல்டிங்மேசை:

முதல் கேள்விக்கு என் பதில்: மூன்று போல்ட் ஃபிளாஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டரின் சுற்றுவட்டம் புகைபோக்கியிலேயே மிகக் கனமான, மிகச் சூடான பகுதிகளில் ஒன்று. அங்கே 10 மி.மீ. தடிமனுள்ள தகடும் மூன்று போல்ட்களும் இருப்பது நல்லதே. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமரும். இரண்டு போல்ட் ஃபிளாஞ்சில் போல்ட்களை இறுக்க இறுக்க, தகட்டின் நடுப்பகுதி வில்லாக வளைந்து, குழாயின் இரு பக்கங்களிலும் வாய் திறக்கும். குறிப்பாக 5, 6 மி.மீ. தகட்டில் செய்த மலிவான ஃபிளாஞ்ச்களில் இது கண்ணுக்கே தெரியும். இரண்டு போல்ட் வகைக்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு: குழிந்த முகமும் உருண்டை வளைய கேஸ்கெட்டும் கொண்டு, போல்ட்களின்மேல் சுருள்வில் வைத்து, கோணம் மாறிக்கொள்ள விடும் இணைப்பு. அது கசியாமல் ஆடுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதில் சுருள்வில்லை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டால் இறுக்கிவிடுவது சிலருக்கு வழக்கம். அப்படிச் செய்தால் அந்த இணைப்பின் பயனே போய்விடும்.

ஃபிளாஞ்சை வெல்டிங் வைக்கும்போது குழாயின் முனை முகத்தோடு சரிமட்டமாக நிற்கக் கூடாது. 2 அல்லது 3 மி.மீ. உள்ளே தள்ளி நிறுத்தி, அந்தப் படியில் உட்புற வெல்டிங்கை ஓட்டுங்கள். அப்போது வெல்டிங்கின் மேடு முகத்தைத் தாண்டி வெளியே வராது, கிரைண்டர் வைத்து முகத்தைக் கெடுக்கும் வேலையும் வராது. கேஸ்கெட்டாகப் பல அடுக்கு எஃகுத் தகடு வகையையோ, எஃகுத் தகட்டின்மேல் கிராஃபைட் படிந்த வகையையோ வாங்குங்கள். கேஸ்கெட்டின் துளை குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரியதாக இருக்க வேண்டும். வாயுவின் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கேஸ்கெட்டின் விளிம்புதான் முதலில் எரியத் தொடங்கும்.

சிவப்பு சிலிக்கான் பசையைத் தடவி மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த இடத்தின் சூடு அதன் தாங்கும் எல்லையைத் தாண்டியது. அதிலிருந்து எழும் சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

இரண்டாவது கேள்விக்குக் கண்டிப்பாகவே பதில் சொல்கிறேன். துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரியில் உருகிவிடும். உருகிய துத்தநாகம் சூடான 304 எஃகின் உள்ளமைப்பிலுள்ள நுண்மணிகளுக்கு இடையே ஊடுருவி அதை உடையச் செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த மெலிவும் தெரியாமல் விரிசல் விடும். ஆகவே கன்வெர்ட்டருக்கு முன்னும் அதை ஒட்டியும் துத்தநாகப் பூச்சு எதுவும் 304 எஃகைத் தொடவே கூடாது. பூசிய பொருளின்மேல் வெல்டிங் வைப்பதும் கூடாது. அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். நைலான் வளையம் கொண்ட நட்டையும் ஒதுக்கிவிடுங்கள். முழு உலோகப் பூட்டு நட்டு, அல்லது செம்பு பூசிய நட்டு வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் அதே எஃகு நட்டைப் போடுவதானால் புரிகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும், நிக்கல் அடிப்படையிலான ஆன்டி-சீஸ் பசையைத் தடவாமல் இறுக்காதீர்கள். புரிகள் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொண்டால் பிறகு போல்ட்டை முறிப்பதைத் தவிர வழியில்லை. தடவிய பிறகு, உலர்ந்த புரிக்குச் சொல்லப்பட்ட முறுக்கு விசையில் ஏறத்தாழ கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். வழுக்கல் கூடிவிட்டதால் அதே விசையில் போல்ட்டின் இழுவிசை அளவுக்கு மேல் போய்விடும்.

ஓசைகுறை:

யூ-போல்ட் கிளாம்ப்களைப் பற்றி வெல்டிங்மேசை துத்தநாகத்தோடு நிறுத்திவிட்டார். நான் வடிவத்தைப் பற்றிச் சொல்கிறேன். யூ-போல்ட் கிளாம்ப் குழாயைச் சுற்றிப் பிடிப்பதில்லை, நசுக்கிப் பிடிக்கிறது. வெளிக்குழாயில் ஒரு பள்ளம் விழுந்து, அது உள்குழாயையும் சேர்த்து அமுக்கும். பூட்டு விழுவது அந்தப் பள்ளத்தில்தான். ஒருமுறை பூட்டி அப்படியே விட்டுவிடும் காருக்கு அது போதும். நீங்கள் அடிக்கடி கழற்றுபவர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்தக் குழாயைப் பிரிக்க முயன்றால், பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்ட உள்குழாய் வெளியே வராது; சூடு காட்டி, சுத்தியலால் தட்டி, இறுதியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட பகுதியில் நசுக்கல் சமமாக இராததால், ஓரத்தில் மெல்லிய "ச்ச்" என்ற கசிவுச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பின்பகுதிக்கு, அதாவது நடுக்குழாய்க்கும் சைலன்சருக்கும் இடையில், நான் பரிந்துரைப்பது அகலமான பட்டைக் கிளாம்ப். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே விட்டமுள்ள இரண்டு குழாய்களை முனையோடு முனை சேர்த்து மேலே சுற்றும் நேர்ப்பட்டை. மற்றது, ஒரு குழாய்க்குள் இன்னொன்று ஏறியிருக்கும் இடத்துக்காகப் படி வைத்துச் செய்த பட்டை. இவற்றை மாற்றிப் போட்டால் இரண்டுமே கசியும். உங்கள் சைலன்சரின் உள்வாய் 63.5 மி.மீ. குழாய் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தால் படி வைத்த பட்டையை வாங்குங்கள். குழாய் 40 முதல் 50 மி.மீ. வரை உள்ளே ஏற வேண்டும். என்ஜின் பக்கத்துக் குழாய் உள்ளேயும், வால் பக்கத்துக் குழாய் வெளியேயும் இருக்கும்படி அமைப்பதை நான் விரும்புவேன். வாயு எதிர்கொள்ளும் விளிம்பு அப்போது இருக்காது. வெளிக்குழாயின் முனையில் இரண்டு அல்லது நான்கு பிளவுகள் இருந்தால் பட்டை நன்றாக இறுகும். ஆனால் பிளவின் முடிவு பட்டையின் அகலத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே கசியும்.

இங்கே வி-பேண்டைவிடப் பட்டைக் கிளாம்ப் நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. சைலன்சர் பழைய காரின் தொங்கல்களில் நிற்கிறது. உங்கள் புதிய குழாய் வந்து சேரும் இடம் வரைபடத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகும். ஏறிப் பொருந்தும் இணைப்பில் முன்பின் நகர்த்தவும் சுழற்றவும் முடியும். வால் குழாய் பம்பரின் வெட்டில் நடுவாக நிற்கும்வரை திருப்பிப் பார்த்து, பிறகு பட்டையை இறுக்கலாம். சைலன்சர் வேறு உலோகம் என்பதால் வெல்டிங்கைத் தவிர்க்கவும் முடிகிறது. வெல்டிங் வைத்தால் அலுமினியப் பூச்சு அந்த ஓரத்தில் எரிந்துபோய், அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

ஆறுமுனை:

ஓசைகுறை சொல்வதை ஏற்கிறேன். சைலன்சர் இருக்கும் இடத்துக்கு என் வாதம் பொருந்தவில்லை. ஆனால் நெகிழ் குழாய்க்கும் கன்வெர்ட்டருக்கும் இடையில் நான் இன்னும் வி-பேண்டையே வலியுறுத்துவேன். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் மூன்று போல்ட் ஃபிளாஞ்சின் காது இடிக்காமல் போக இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தீர்களா? வி-பேண்டு குழாயைவிட ஓரிரு சென்டிமீட்டர்தான் பெருத்திருக்கும். ஃபிளாஞ்சின் காதுகள் அதைவிட வெளியே நீளும். மேல்பக்கம் போகும் மூன்றாவது போல்ட்டை, கார்த் தளத்தில் கியர்பாக்ஸுக்காக விட்டிருக்கும் சுரங்கப் பாதைக்குள் கைவிட்டுத் திருக முடியாமல், உள்ளே வளையும் நீட்டிப்புக் கம்பிகளோடு போராடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். போல்ட் எத்தனை என்பதைவிட, அந்த போல்ட்டை எட்ட முடியுமா என்பதே கழற்றும் நாளில் பெரிதாகத் தெரியும்.

வெல்டிங்மேசை:

இடத்தைப் பற்றிய வாதத்துக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். இடம் இடித்தால் கன்வெர்ட்டரின் முன்பக்க ஃபிளாஞ்சை மட்டும் வி-பேண்டாக மாற்றலாம். பின்பக்கத்தை மூன்று போல்ட்டாகவே விடலாம். அப்படி மாற்றினால் கன்வெர்ட்டரின் கூடு எந்த ரக எஃகு என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பெரும்பாலும் 409 ரகமாக இருக்கும்: குரோமியம் ஏறத்தாழ 11 சதவீதம், நிக்கல் இல்லாதது. உங்கள் 304 குழாயில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். இவ்விரண்டையும் சேர்க்க 309எல் வெல்டிங் கம்பியையும், 304 எஃகை அதோடே சேர்க்க 308எல் கம்பியையும் பயன்படுத்துங்கள். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால், ஆர்கான் வாயுவின் காப்பில் செய்வது) வைக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்புங்கள். இல்லையென்றால் உட்புறம் கருத்து, பொரித்த சர்க்கரைபோல் மொறுமொறுத்து நிற்கும். அந்தத் துகள்கள் நேராகக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டுக்குள்தான் போகும்.

பின்னச்சு:

இரண்டு தரப்பும் பேசி முடித்தபின் சொல்ல ஒன்று இருக்கிறது: எந்த இணைப்பானாலும் அது குழாயை அதன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வரும் கருவியாக மாறிவிடக் கூடாது. எல்லாத் தொங்கல்களையும் மாட்டி, எல்லா இணைப்புகளையும் தளர்வாக விட்டு, கையால் தள்ளினாலே முகங்கள் ஒன்றோடொன்று படிய வேண்டும். படியாமல் 5 மி.மீ. இடைவெளியோ கோணலோ இருந்தால், அதைப் போல்ட்டால் இறுக்கிச் சேர்த்துவிட முடியும். ஆனால் சேர்ந்த அந்த நிமிடத்திலிருந்து நெகிழ் குழாய் வளைந்த நிலையிலேயே வேலை செய்யும், என்ஜின் தாங்கி ரப்பர் ஒரு பக்கமாக இழுபடும், அதிர்வு காருக்குள் ஏறும். குழாயை வெட்டித் திருத்துங்கள், கிளாம்பை இறுக்கித் திருத்தாதீர்கள்.

இறுக்கும் வரிசையும் முன்னிருந்து பின்னோக்கியே இருக்கட்டும். டர்போவின் வளையத்தை முதலில், கடைசியில் சைலன்சரின் பட்டை. அந்தப் பட்டை மட்டுமே முன்பின் நகர்ந்து மற்ற எல்லாப் பிழைகளையும் வாங்கிக்கொள்ளக்கூடிய இடம்.

ஓசைகுறை:

கசிவு பார்க்கும் முறையையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். என்ஜினை இயக்காமல், ஆறிய நிலையில், ஊதும் பக்கம் இணைத்த தூசி உறிஞ்சியை வால் குழாயில் துணி சுற்றிச் செருகி இயக்குங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். ஓடும் என்ஜினில் கையை அருகில் கொண்டுபோய்த் தேடுவதைவிட இது பாதுகாப்பானது. சில நாள் ஓட்டிய பின் இணைப்பின் ஓரத்தில் விசிறிபோல் கரி படிந்திருந்தால் அதுவும் கசிவின் அடையாளம்தான்.

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் இணைப்புகளில் சிறு கசிவையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. புகைபோக்கியில் அழுத்தம் எப்போதும் வெளிநோக்கியே இருப்பதில்லை; ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அழுத்தம் தாழும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, எரிபொருள் குறைவு என்று கணினிக்குச் சொல்லும். கணினி தேவையில்லாமல் எரிபொருளைக் கூட்டும். காருக்கு அடியில் இருக்கும் இணைப்புகளில் கவலை வேறு வகையானது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; தரையில் உள்ள ரப்பர் அடைப்பு ஒன்று விலகியிருந்தாலும் அது உள்ளே வரும். எனவே சத்தம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கிறது என்பதற்காகக் கசிவை விட்டுவிடாதீர்கள்.

தனிவடிவம்:

அளந்து பார்த்துவிட்டேன். கியர்பாக்ஸின் பக்கத்தில் மூன்று போல்ட் ஃபிளாஞ்ச் நுழைகிறது. ஆனால் மேல் போல்ட்டுக்கு நேராகச் சாக்கெட் போகாது. ஆகவே டர்போவின் வாயிலில் அதற்குரிய வி-பேண்டு, கியர்பாக்ஸ் தாங்கிக்குப் பின் நெகிழ் குழாய், கன்வெர்ட்டரின் முன்பக்கத்தில் ஆண்-பெண் வகை வி-பேண்டு, பின்பக்கத்தில் இருக்கும் மூன்று போல்ட் ஃபிளாஞ்ச், சைலன்சரில் படி வைத்த பட்டைக் கிளாம்ப் என்று முடிவு செய்திருக்கிறேன். யூ-போல்ட்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். வி-பேண்டின் போல்ட் எந்தத் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகவில்லை. கீழே இருந்தால் எளிதில் எட்டலாம். ஆனால் வேகத்தடையில் உரசுமே.

வெல்டிங்மேசை:

கீழே வைக்காதீர்கள், நேர் மேலேயும் வைக்காதீர்கள். கடிகார முகத்தில் 3 அல்லது 9 மணி இருக்கும் பக்கத்தில், கியர்பாக்ஸுக்கு எதிர்ப்புறமாக, குழாயின் அடிமட்டத்துக்கு மேல் போல்ட் நிற்கும்படி வையுங்கள். நட்டின் பக்கம் தரையை நோக்கினால் நீண்ட சாக்கெட் கீழிருந்து நேராக ஏறும். பட்டையைப் போட்டு முதலில் கையால் திருகி, பிறகு சிறிது இறுக்கி, ரப்பர் சுத்தியலால் பட்டையைச் சுற்றிலும் தட்டுங்கள். தட்டிய பின் நட்டு மீண்டும் தளர்வாகத் திரும்பும். வளையங்கள் பட்டையின் பள்ளத்துக்குள் மேலும் இறங்கி அமர்ந்திருக்கின்றன என்பதற்கு அது சான்று. தட்டியும் நட்டு தளராத நிலை வரும்வரை இதைத் திரும்பச் செய்து, பிறகு அந்தக் கிளாம்புக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் முறுக்கு விசையோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் பட்டையை இறுக்கும் டி வடிவ போல்ட்டைப் பட்டையோடு பிடித்திருக்கும் சிறு வெல்டிங் புள்ளிகள்தான் முதலில் விடும்.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, முழுக்க ஆறிய நிலையில், எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். கேஸ்கெட் போட்ட மூன்று போல்ட் ஃபிளாஞ்சில் சிறிது தளர்வு கட்டாயம் இருக்கும். வி-பேண்டில் அனேகமாக இருக்காது. அங்கே மறுபடியும் மறுபடியும் தளர்ந்தால் நட்டை இறுக்குவதை நிறுத்திவிட்டு, கிளாம்பைக் கழற்றி வளையங்களின் முகத்தைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். ஆண்-பெண் வகை என்றால் படியும் ஓரத்தில் நீல மையைத் தடவிச் சேர்த்துப் பிரித்தால், மை எங்கே ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.